விரிசல் விட்ட கலன்களைப் பற்றியும் எழுதுங்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

வணக்கம். நம் பொறியியல் கல்லூரிகளிலிருந்து வெளியாகும் ஆய்வுக் கட்டுரைகள் வருடா வருடம் கூடிக்கொண்டே போவது பற்றிச் சென்ற இதழில் எழுதியிருந்தீர்கள். படிக்கச் சந்தோஷமாக இருந்தது. ஆனால் எண்ணிக்கையோடு நிறுத்திவிட்டீர்களே என்ற குறை மனதில் உறுத்திக்கொண்டே இருக்கிறது. திருச்சி துவாக்குடிப் பக்கம் ஃபேப்ரிகேஷன் ஷாப்களில் 28 வருடமாகத் தரச் சோதனை வேலை பார்க்கிறவன் நான். ஹீட் எக்ஸ்சேஞ்சர், ரியாக்டர், நீராவி டிரம் என்று, உள்ளே வாயுவையோ திரவத்தையோ அழுத்தத்தோடு வைத்திருக்கும் அழுத்தக் கலன்களோடுதான் என் பிழைப்பு. அதனால் எனக்குத் தெரிந்த இந்த ஒரு துறையை மட்டும் வைத்துச் சொல்கிறேன்.

அழுத்தக் கலன் ஆய்வுக்கென்றே உலக அளவில் இரண்டு முக்கிய இதழ்கள் உண்டு. ஒன்று 1973-ல் தொடங்கியது. மற்றொன்றை அமெரிக்க இயந்திரப் பொறியாளர்கள் சங்கமான ஏஎஸ்எம்இ 1974-ல் தொடங்கியது. அணு உலைகள் மளமளவென்று எழும்பிய காலம் அது. ஒரு விரிசல் எவ்வளவு வளர்ந்தால் கலன் பிளக்கும், பிளப்பதற்கு முன் கசிந்து காட்டிக்கொடுக்குமா என்பவை அன்றைய பெரிய கேள்விகள். அப்புறம் கணினி வந்தது, கலனைச் சின்னச் சின்னத் துண்டுகளாகப் பிரித்துக் கணக்கிடும் முறை எல்லோர் கைக்கும் வந்தது. இன்று 700 பார் (காற்றழுத்தத்தைப் போலச் சுமார் 700 மடங்கு) அழுத்தத்தில் ஹைட்ரஜனைத் தாங்கும் கார்பன் இழைச் சிலிண்டர்களும் இயந்திரக் கற்றலும்தான் பேச்சு. எங்கள் டிசைன் பிரிவில் இருக்கும் இளம் பொறியாளர்கள் இந்தக் கட்டுரைகளை அடிக்கடி எடுத்துவந்து காட்டுவார்கள். இந்தியர்கள் எழுதியவை நிறையவே கண்ணில் படுகின்றன. பெருமைதான்.

ஆனால் அவற்றில் பலவற்றில் வரும் கலன் கணினிக்குள் மட்டுமே இருக்கிற கலன். ஷெல், அதாவது கலனின் உருளை உடம்பு, கச்சிதமான வட்டம். வெல்டிங்கில் ஒரு துளைகூட இல்லை. குழாய் வந்து சேரும் வாயான நாசிலின் கோணத்தை ஐந்து டிகிரி மாற்றி, எந்த இடத்தில் எவ்வளவு விசை தாக்குகிறது என்று காட்டும் தகைவுப் படம் ஒன்றைச் சிவப்பு, மஞ்சள், நீலத்தில் போட்டால் ஒரு கட்டுரை. அடுத்த ஐந்து டிகிரிக்கு இன்னொன்று. ஷாப்பில் உருட்டி வரும் ஷெல்லை டேப் வைத்து அளந்து பாருங்கள். ஒரு பக்கம் நாலு மில்லிமீட்டர் கூடும், மறுபக்கம் குறையும். இரண்டு தகடுகள் சேரும் இடத்தில் ஏற்ற இறக்கம் இருக்கும். நிஜக் கலன் விரிசல் விடுவது பெரும்பாலும் அந்த மாதிரி இடங்களில்தான்.

கணக்கே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. ஆய்வு செய்த நன்மையை என் கையாலேயே தொட்டிருக்கிறேன். 1999-ல் ஏஎஸ்எம்இ தன் விதிநூலில் அழுத்தக் கலன்களுக்கான எட்டாம் பிரிவின் முதல் பகுதியில் பாதுகாப்புக் காரணியை, அதாவது எஃகு அறுந்துபோகும் வலிமையில் எத்தனையில் ஒரு பங்கு வரை சுமை ஏற்றலாம் என்பதை, 4-லிருந்து 3.5 ஆகக் குறைத்தது. எஃகின் தரம், சோதனை முறைகள், விரிசல் பற்றிய அறிவு எல்லாம் பல வருடங்களாக வளர்ந்ததால் வந்த துணிச்சல் அது. இழுவிசை வலிமையை வைத்துத் தகட்டின் கனத்தைக் கணக்கிடும் இடங்களில் கிட்டத்தட்ட எட்டில் ஒரு பங்கு எஃகு மிச்சமானது. நாசிலில் குழாய் கொடுக்கும் சுமையைச் சரிபார்க்க நாங்கள் எடுக்கிற, அமெரிக்க வெல்டிங் ஆராய்ச்சிக் குழுவின் டபிள்யூஆர்சி 107 அறிக்கை 1965-ல் வந்தது. அறுபது வருடம் கழித்தும் எங்கள் மேசையில் அன்றாடம் புழங்குகிறது.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். சூடான ஹைட்ரஜன் ஓடும் கலன்களுக்கு எஃகைத் தேர்ந்தெடுக்க நெல்சன் வரைபடம் என்று ஒன்று உண்டு. 1949-ல் ஜார்ஜ் நெல்சன் வெளியிட்டது. எந்த எஃகு எந்த வெப்பத்தில், எந்த அழுத்தத்தில் தாங்கியது, எது கெட்டுப்போனது என்று ஆலைகள் கொடுத்த அனுபவத்தைப் புள்ளி புள்ளியாகக் குறித்துப் போட்ட கோடுகள் அவை. 2010 ஏப்ரல் 2-ம் தேதி அமெரிக்காவின் அனகோர்ட்டஸ் எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலையில் ஒரு ஹீட் எக்ஸ்சேஞ்சர் பிளந்து ஏழு பேர் இறந்தார்கள். கோட்டின்படி அது பாதுகாப்பான பக்கத்தில் இருந்த கார்பன் எஃகு. விசாரித்த ரசாயனப் பாதுகாப்பு வாரியம் 2014-ல் முழு அறிக்கையையும் பொதுவில் வைத்தது. 2016-ல், வெல்டிங்குக்குப் பின் வெப்பப் பதப்படுத்தல் செய்யாத கார்பன் எஃகுக்கென்று அந்த வரைபடத்தில் கீழே தனியாக ஒரு கோடு சேர்த்தார்கள். உடைந்ததை மறைக்காமல் எழுதியதால் உலகம் முழுக்க இருக்கிற ஆலைகளுக்கு அது தெரிந்தது.

நம்மிடம் என்ன நடக்கிறது என்பதற்கு நான் பார்த்த ஒன்றைச் சொல்கிறேன். எட்டு வருடத்துக்கு முன் ஒரு ரசாயன ஆலையிலிருந்து ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் கலன் ஒன்று ரிப்பேருக்கு வந்தது. நாசில் பக்கத்தில் கசிவு. இன்சுலேஷனைப் பிரித்தால் உள்ளே சொதசொதவென்று ஈரம். துடைத்துக் காயவிட்டு, சிவப்புச் சாயம் பூசி, கால் மணி நேரம் பொறுத்து, துணியால் துடைத்து, வெள்ளை டெவலப்பரை அடித்தோம். இரண்டு நிமிடம்கூட ஆகவில்லை. வெள்ளைக்குள்ளிருந்து சிவப்பு வேர்கள் கிளம்பின. ஒரு கோடு இரண்டாகி, இரண்டு நான்காகி, வேப்பஞ்செடியைப் பிடுங்கினால் வேர் தெரியுமே, அப்படி. மழைத்தண்ணீர் இன்சுலேஷனுக்குள் இறங்கி, அதிலிருந்த குளோரைடு உப்பு சூடான சுவரில் படிந்து வந்த விரிசல். அந்த இடத்தை வெட்டி எடுத்துப் புதுத் தகடு வைத்து, தண்ணீர் நிரப்பி அழுத்தம் ஏற்றிப் பார்க்கும் ஹைட்ரோ டெஸ்ட் முடித்து அனுப்பினோம். வெட்டிய தகடு ஸ்கிராப்புக்குப் போனது. "வெளியில் யாரிடமும் பேச வேண்டாம்" என்று ஆலைக்காரர்கள் சொன்னார்கள்.

அப்போது எங்களிடம் பயிற்சிக்கு வந்திருந்த எம்.டெக் மாணவர் ஒருவர், அந்தத் துண்டை வைத்துத் தன் ஆய்வைச் செய்கிறேன் என்று கெஞ்சிக் கேட்டார். அனுமதி கிடைக்கவில்லை. கடைசியில் குறையே இல்லாத ஒரு கலனைக் கணினியில் வரைந்து ஆய்வை முடித்தார். அவரைக் குறை சொல்ல மாட்டேன், வேறு வழி இல்லை. ஒன்றரை வருடம் கழித்து அதே ஆலையில் பக்கத்துக் கலனில் அதே இடத்தில் கசிந்து, ஒரு தொழிலாளியின் முன்கை வெந்துபோனது. அந்தத் தம்பியை மருத்துவமனையில் போய்ப் பார்த்தேன். முதல் விரிசலைப் பற்றி அவருக்கு ஒரு வார்த்தைகூட யாரும் சொல்லியிருக்கவில்லை.

1882-ல் பிரிட்டனில் பாய்லர் வெடிப்புகளுக்கென்றே ஒரு சட்டம் போட்டார்கள். வெடிப்புகளை விசாரித்து அறிக்கையை அச்சிட்டு வெளியிட்டார்கள். நம் பாய்லர் சட்டத்தின் வேரும் ஒரு விபத்தில்தான் இருக்கிறது. 1863-ல் கல்கத்தாவில் பாய்லர் வெடித்து உயிர்கள் போன பிறகுதான் வங்காளத்தில் சட்டம் வந்தது. 1923 சட்டத்தில், விபத்து நடந்த 24 மணி நேரத்துக்குள் இன்ஸ்பெக்டருக்கு எழுத்தில் தெரிவிக்க வேண்டும் என்று இருந்தது. 2025-ல் புதுச் சட்டமும் வந்துவிட்டது. ஆனால் அந்த அறிக்கைகளைத் தொகுத்து, ஊர் பேரை நீக்கியாவது, மற்ற ஆலைகளும் மாணவர்களும் படிக்கும்படி வெளியிடும் வழக்கம் இன்னும் வேரூன்றவில்லை.

பொறுமை வேண்டிய ஆய்வுகளுக்கும் இதே கதிதான். பாய்லர் குழாய் எஃகு சூட்டில் மெல்ல மெல்ல நீள்வதை, அதாவது க்ரீப்பை, 1 லட்சம் மணி நேரக் கணக்கில் பார்ப்பது வழக்கம். அது பதினொரு வருடத்துக்கும் மேல். மூன்று, நான்கு வருடத்தில் பட்டம் முடிக்க வேண்டிய மாணவர் இதைத் தொடவே முடியாது. ஜப்பானில் 1966-ல் தொடங்கிய க்ரீப் சோதனைத் திட்டத்தில் ஒரு எஃகுத் துண்டு 40 வருடத்துக்கும் மேலாகச் சூட்டில் சுமையோடு தொங்கியது. அந்தத் தரவுகளை இன்று உலகமே எடுத்துப் பயன்படுத்துகிறது. நம் பக்கத்திலும் கல்பாக்கத்தில் நீண்ட க்ரீப் சோதனைகளும், சென்னை தரமணியில் இருக்கும் கட்டமைப்புப் பொறியியல் ஆய்வு மையமான எஸ்இஆர்சி-யில் முழு அளவுக் குழாய்களை உடைத்துப் பார்க்கும் சோதனைகளும் நடந்திருக்கின்றன. எண்ணிக்கையில் இவை கொஞ்சம்தான். ஒரு வருடத்தில் பத்துக் கட்டுரை போடுபவருக்குப் பக்கத்தில் இவர்களை வைத்து எண்ணினால் நியாயமா? பிஎச்.டி-க்குக் கட்டுரை கட்டாயம் என்பதை 2022-ல் யுஜிசி எடுத்துவிட்டது, சரி. தரவரிசையிலும் பதவி உயர்விலும் இன்னும் எண்ணிக்கைதானே பேசுகிறது?

ஒரே நாடு ஒரே சந்தா திட்டத்தில் மூன்று வருடத்துக்கு 6,000 கோடி ரூபாய் ஒதுக்கி, சுமார் 13,000 ஆய்விதழ்களை அரசுக் கல்லூரிகளுக்கும் ஆய்வகங்களுக்கும் திறந்துவிட்டிருக்கிறார்கள். நல்ல காரியம். முப்பது பேர் வேலை பார்க்கும் எங்கள் மாதிரி ஷாப்புகளுக்கு அந்தக் கதவு இன்னும் திறக்கவில்லை. கலனை நிஜமாகச் செய்கிறவர்கள் நாங்கள். மாவட்டத்துக்கு ஒரு நூலகத்திலாவது எங்களுக்கும் அனுமதி வாங்கித் தர உங்கள் இதழ் குரல் கொடுக்க வேண்டும்.

அப்புறம் உங்களிடமே ஒரு வேண்டுகோள். மாதம் ஒரு பக்கம் ஒதுக்குங்கள். ஆலையின் பெயர் வேண்டாம், ஆள் பெயர் வேண்டாம். என்ன எஃகு, என்ன வெப்பம், எத்தனை வருடம் ஓடியது, எங்கே உடைந்தது, எப்படிக் கண்டுபிடித்தோம் என்பது மட்டும் போதும். வெல்டர்களும் படிக்கும்படி தமிழில் வரட்டும். முதல் மாதத்துக்கு நானே எழுதித் தருகிறேன். ஸ்கிராப்புக்குப் போன அந்தத் தகட்டிலிருந்து உள்ளங்கை அளவுத் துண்டு ஒன்றை அன்றைக்கே எடுத்து வைத்திருந்தேன், சிவப்புச் சாயம் இன்னும் அதன் விரிசலில் இருக்கிறது. எந்தக் கல்லூரி மாணவர் கேட்டாலும் கொடுத்துவிடுகிறேன்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகர்,
துவாக்குடி, திருச்சி.