எது பழைய கல் என்று ஒளிக்காமல் சொன்னவர்களுக்கு

கில்ஃபர்ட் நகரின் ஹென்றி விட்ஃபீல்டு இல்லத்தில் எங்களுக்கு உதவிய அனைவருக்கும்,

வணக்கம். இந்த மடலைத் தமிழில்தான் எழுத வேண்டும் என்பது அப்பாவின் கட்டளை. ஆங்கிலப் பிரதியைத் தனியாக அனுப்புகிறேன்.

அப்பா நாற்பது ஆண்டுகள் கொத்தனாராக இருந்தவர். அமெரிக்காவின் கனெக்டிகட் மாநிலத்துக்கு என்னைப் பார்க்க வந்ததிலிருந்து, மரச்சட்டம் அடித்து நிறுத்திய வீடுகளையே பார்த்துப் பார்த்து, "இந்த ஊரில் யாருக்குமே கல் வேலை தெரியாதா?" என்று முணுமுணுத்துக்கொண்டிருந்தார். அதற்காகவே நியூ ஹேவனிலிருந்து ரயிலேறி, 1639இல் கட்டிய உங்கள் கல் வீட்டுக்கு அழைத்து வந்தேன். அமெரிக்காவின் வடகிழக்கு மூலையான நியூ இங்கிலாந்தில் இதைவிடப் பழைய கல் வீடு இல்லையே!

வழிகாட்டிய அம்மையாருக்கு முதல் நன்றி. விட்ஃபீல்டு போதகர் இங்கிலாந்தின் ஓக்லி கிராமத்திலிருந்து குடும்பங்களைக் கூட்டிவந்து இந்த ஊரை நிறுவியதையும், அவர் குடியிருந்த வீடே ஆரம்பத்தில் வழிபாட்டுக்கும் ஊர்க் கூட்டத்துக்கும் ஆபத்துக் காலத்தில் கோட்டையாகவும் பயன்பட்டதையும் அவர் அழகாகச் சொன்னார். அப்பாவோ கேட்கவில்லை. சன்னல் ஓரத்தில் முழங்கையை மடித்து வைத்துச் சுவரின் கனத்தை அளந்துகொண்டிருந்தார். "இரண்டடி இருக்கும்" என்றார். இருந்தது.

பிறகு கேட்டார்: "இதில் உண்மையில் பழையது எவ்வளவு?"

மொழிபெயர்க்கவே எனக்குக் கூச்சம். விருந்துக்குப் போன வீட்டில் நகை அசலா என்று கேட்பது போல இருந்தது. அந்த அம்மையார் முகம் சுளிக்கவில்லை. 1868இல் வீட்டைப் பெரிதாக மாற்றியதையும், 1902 முதல் 1904 வரை நார்மன் ஐஷமும், 1930களில் ஃபிரெடரிக் கெல்லியும் என்ற கட்டடக் கலைஞர்கள் புதுப்பித்ததையும் சொன்னார். இன்று நாம் காண்பதில் பெரும்பகுதி, பதினேழாம் நூற்றாண்டு வீடு இப்படித்தான் இருந்திருக்கும் என்று அவர்கள் எண்ணிக் கட்டியது என்றும் சொன்னார். "நம் ஊரில் நேற்றுப் பூசிய சுவருக்கும் ஆயிரம் வயது சொல்வார்கள்" என்று அப்பா சிரித்தார். அதன் பிறகுதான் அந்த அம்மையார் சொன்னதையெல்லாம் காது கொடுத்துக் கேட்டார்.

கல் சுமந்தவர்கள் யார் என்று கேட்டதற்கும் மழுப்பாமல் பதில் வந்தது. இந்த நிலம் மெனன்கட்டக் என்ற பூர்வகுடி மக்களுடையது. அவர்களின் தலைவியான ஷாம்பிஷு என்ற பெண்ணிடமிருந்து 1639இல் வாங்கியது. கற்களை அந்த மக்களே சுமந்து வந்ததாக வழிவழியாகச் சொல்கிறார்கள். போதகரோ 1650இல் இங்கிலாந்துக்கே திரும்பிவிட்டார். "கட்டின வீட்டில் பதினோரு வருஷம்தானா!" என்று அப்பா அதற்குத்தான் அதிகம் வருந்தினார்.

மாடிப்படியில் அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்ட பெரியவருக்கும், மறந்துவிட்டு வந்த மூக்குக்கண்ணாடியை ரயில் நிலையம் வரை ஓடிவந்து தந்த இளைஞருக்கும் நன்றி. உங்கள் பெயர்களைக் கேட்கக்கூட நேரமில்லை.

இன்னும் ஒன்று. சாந்தில் மஞ்சள் களிமண்ணும் இடித்த சிப்பியும் சேர்த்ததாகச் சொன்னீர்கள் அல்லவா? சுட்டுச் சுண்ணாம்பாக்காமல் வெறுமனே இடித்துப் போட்ட சிப்பி எப்படிப் பிடிக்கும் என்று அப்பா மூன்று நாளாக என்னைக் கேட்டுக்கொண்டிருக்கிறார். தெரிந்தவர்கள் எழுதுங்கள். மாதக் கடைசி வரை அவர் இங்கேதான் இருப்பார்.