தட்டைத் தூக்கிக்கொண்டு பின்னால் ஓடாதே

அன்பு மகள் மீனாவுக்கு,

அம்மா எழுதுவது. அப்பாவும் நானும் நல்ல சுகம். போனில் பேசினால் நடுவில் பாப்பா அழுகிறாள், நீயும் பாதியில் வைத்துவிடுகிறாய். அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன்.

"ஒரு வாய்கூட இறங்கலம்மா, போன் காட்டினாத்தான் வாயத் திறக்கிறா" என்று அழாத குறையாகச் சொன்னாய். அங்கன்வாடியில் இருந்த காலம் முழுக்க இதே பேச்சைத் தாய்மார்களிடம் கேட்டவள் நான். முதலில் எடைக் கணக்கைப் பார். 3 கிலோவில் பிறக்கிற பிள்ளை முதல் பிறந்தநாளுக்குள் 9 கிலோவுக்குப் பக்கம் வந்துவிடும். அடுத்த வருஷம் முழுக்கக் கூடுவது இரண்டரை கிலோ போலத்தான். வளர்த்தி நிதானமாகும்போது பசியும் குறையும். இரண்டரை வயதில் பாப்பா 12 கிலோ என்றாயே, எங்கள் எடை அட்டையில் அது பச்சைக்குள்தான், அதாவது சரியான எடைக்குள்தான் வரும். பார்க்க ஒல்லியாக இருக்கிறாள் என்று யார் சொன்னாலும் மனசை விடாதே.

என்ன ஆக்குவது, எப்போது வைப்பது, எங்கே உட்கார வைப்பது எல்லாம் உன் பாடு. எவ்வளவு சாப்பிடுவது என்பதை அவள் வயிற்றிடம் விட்டுவிடு. இந்த ஒன்றை நீ பிடித்துக்கொண்டால் போதும், வீட்டில் பாதிச் சண்டை ஓய்ந்துவிடும்.

புதுசாக எதைக் கண்டாலும் வேண்டாம் என்பது இந்த வயதின் குணம். கீரை சாதம் போடுகிற நாளில் புதிதாகச் சேர்ந்த பிள்ளை தட்டைத் தள்ளிவிடும். நாங்கள் ஒன்றும் சொல்ல மாட்டோம். அடுத்த தடவை ஒரு பருக்கையை விரலால் அமுக்கிப் பார்க்கும். மோந்து பார்க்கும். நாக்கில் வைத்துத் துப்பும். பக்கத்துப் பிள்ளை தட்டை வழித்து நக்குவதைக் கண்கொட்டாமல் பார்க்கும். பிறகு ஒரு நாள் யாரும் சொல்லாமலே ஒரு பிடி அள்ளிப் போட்டுக்கொள்ளும். பத்துப் பதினைந்து முறை கண்ணில் பட்ட பிறகுதான் சில பிள்ளைகளுக்கு ஒரு காய் பழகும். நீ இரண்டு தடவை பீன்ஸ் வைத்துவிட்டு "அவளுக்குப் பிடிக்காது" என்று முடிவு கட்டிவிட்டாய். ஒரு ஸ்பூன் அளவு வை, போதும். நீயும் மாப்பிள்ளையும் அவளோடு உட்கார்ந்து அதையே சாப்பிடுங்கள். கீழே சிந்தட்டும், துடைத்துக்கொள்ளலாம்.

போன் வேண்டவே வேண்டாம். படத்தைப் பார்த்துக்கொண்டு விழுங்குகிற பிள்ளைக்கு வயிறு நிறைந்தது தெரியாது. "கீரை சாப்பிட்டா சாக்லேட் தர்றேன்" என்பதையும் விட்டுவிடு. கீரை தண்டனை, சாக்லேட் பரிசு என்று அவள் மனசில் பதிந்துவிடும்.

எனக்கு உண்மையான கவலை பாலில்தான். கால் லிட்டர் டம்ளரில் மூன்று வேளை, அதுவும் சத்து மாவு என்று விளம்பரம் செய்கிற அந்தச் சர்க்கரைப் பொடியைக் கலந்து கொடுத்தால் இட்லிக்கு வயிற்றில் ஏது இடம்? பாலில் இரும்புச்சத்து இல்லாத குறைதான், கூடிப்போனால் மற்றச் சாப்பாட்டில் இருப்பதையும் உடம்பில் சேர விடாது. நாளைக்கு அரை லிட்டருக்குள் நிறுத்து. சாப்பாட்டுக்கு முன்னால் கொடுக்காதே. பாட்டிலை எடுத்து ஒளித்து வை. 2019-21 குடும்பநலக் கணக்கெடுப்பில், நம் நாட்டில் ஐந்து வயதுக்குள் இருக்கிற பிள்ளைகளில் நூற்றுக்கு 67 பேருக்கு ரத்தசோகை. இது ஏழைவீட்டு வியாதி என்று நினைக்காதே.

முருங்கைக்கீரையும் பருப்பும் கடைந்து நெய் விட்டுப் பிசைந்து கொடு. முட்டை கொடு. சாப்பிட்டதும் ஆரஞ்சு இரண்டு சுளை, இல்லையென்றால் கொட்டை எடுத்த கொய்யா ஒரு துண்டு கொடுத்தால் அந்த இரும்புச்சத்து நன்றாகச் சேரும். ஜூஸ் போடாதே, பழமாகவே தின்னட்டும். இரண்டு சாப்பாட்டுக்கு நடுவே பிஸ்கட்டைக் கையில் கொடுக்கிற பழக்கம் வேண்டாம். மாலையில் ஒரு நேரம் வைத்து அவித்த சுண்டலை நசுக்கியோ, சர்க்கரைவள்ளியோ கொடு.

கோவில்பட்டி கடலைமிட்டாய் அனுப்பச் சொல்லி அப்பா ஒரே பிடிவாதம். நான்தான் தடுத்துவிட்டேன். ஐந்து வயது வரை முழுக் கடலை தொண்டையில் சிக்கும், திராட்சையும் அப்படித்தான். திராட்சையை நீளவாக்கில் நறுக்கிக் கொடு. கடலையைப் பொடித்துத்தான் கொடுக்க வேண்டும்.

அதனால் கடலையையும் சேர்த்தே மாவு அரைத்திருக்கிறேன். கேழ்வரகு, கம்பு, பச்சைப்பயறு, பொட்டுக்கடலை எல்லாம் தனித்தனியாக வறுத்தது. சர்க்கரை போடவில்லை, நீயும் போடாதே, வாழைப்பழம் மசித்துச் சேர். இரண்டு ஸ்பூன் மாவைக் கட்டியில்லாமல் கரைத்து, பச்சை வாடை போகிற வரை கிண்டு.

எடை இறங்கினாலோ, விழுங்கச் சிரமப்பட்டாலோ, மண், சாம்பல், விபூதி என்று எடுத்துத் தின்றாலோ தள்ளிப்போடாமல் டாக்டரிடம் காட்டு. அடுத்த தடவை டாக்டரிடம் போகும்போது ஹீமோகுளோபினும் பார்த்துவிடச் சொல். 11-க்குக் கீழே இருந்தால் ரத்தசோகை, அன்றைக்கே எனக்குப் போன் பண்ணு. டாக்டர் எழுதித் தருகிற இரும்புச்சத்து மருந்தை அளவு தப்பாமல் கொடு, பாலோடு சேர்த்துக் கொடுத்துவிடாதே.

பார்சல் வெள்ளிக்கிழமை வந்துவிடும்.

அன்புடன்,
அம்மா