மொம்செனை ஒரு வரியில் முடித்துவிடாதீர்கள்: தமிழ்க் கலைக்களஞ்சிய, கையேட்டுப் பதிப்பாசிரியர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய பதிப்பாசிரியர்களுக்கு,

வணக்கம். தமிழில் வெளிவரும் பொது அறிவுக் கையேடுகளிலும் நோபல் பரிசாளர் அறிமுக நூல்களிலும் தியோடோர் மொம்செனைப் பற்றி நான் கண்ட குறிப்புகள் பெரும்பாலும் ஒரே வரியில் முடிந்துவிடுகின்றன: 1902-ஆம் ஆண்டில் இலக்கியத்துக்கான நோபல் பரிசு பெற்ற ஜெர்மானிய வரலாற்றாசிரியர், ரோம் வரலாற்றை எழுதியவர். இதில் பிழை எதுவும் இல்லை. ஆனால் இதைப் படிக்கும் மாணவர், அவர் வாழ்நாளெல்லாம் உட்கார்ந்து ஒரு பெரிய நூலை எழுதி முடித்து, முதுமையில் அதற்கான பரிசைப் பெற்றார் என்றுதான் எண்ணிக்கொள்வார். நடந்தது ஏறத்தாழ நேர்மாறானது. அந்த நூலின் முதல் மூன்று தொகுதிகளும் 1854-க்கும் 1856-க்கும் இடையில், அவருக்கு நாற்பது வயது நிரம்பும் முன்பே வெளிவந்துவிட்டன. அதன்பின் அவர் வாழ்ந்த 47 ஆண்டுகளில் பெரும்பகுதி வேறொரு வேலைக்குப் போயிற்று. அந்த வேலையைச் சொல்லாத குறிப்பு மொம்செனைப் பற்றிய குறிப்பே ஆகாது என்பதுதான் இம்மடலில் நான் முன்வைக்கும் வாதம்.

முதலில், அவர் வரலாற்றுத் துறையில் வளர்ந்தவர் அல்லர். டென்மார்க் மன்னரின் ஆட்சிக்கு உட்பட்டிருந்த சிலெஸ்விக் பகுதியில், கார்டிங் என்னும் சிற்றூரில் 1817-இல் ஒரு பாதிரியாரின் மகனாகப் பிறந்து, கீல் பல்கலைக்கழகத்தில் சட்டம் படித்து, 1843-இல் ரோமானியச் சட்டத்தில் முனைவர் பட்டம் பெற்றவர். 1848-இல் லைப்சிக்கில் கிடைத்ததும், 1852-இல் சூரிக்கில் கிடைத்ததும், 1854-இல் பிரெஸ்லாவில் கிடைத்ததும் சட்டப் பேராசிரியர் பதவிகளே. பெர்லின் பல்கலைக்கழகத்தில் ரோம் வரலாற்றுக்கான இருக்கை அவருக்கு 1861-இல்தான் வந்தது. அதாவது, பரிசு வாங்கித் தந்த வரலாற்று நூலை எழுதியபோது அவர் ஒரு சட்ட ஆசிரியர். ரோமானியர் தம் அரசைக் கட்டிக்காத்த விதத்தைப் பதவிகளின் அதிகார வரம்பு, நடைமுறை, விதி என்று பிரித்துப் பார்க்கும் அந்தக் கண்தான் பிற்காலத்தில் அவருடைய 'ரோமானிய அரசுச் சட்டம்' என்ற பெருநூலையும் 1899-இல் வந்த 'ரோமானியக் குற்றவியல் சட்டம்' என்ற நூலையும் தந்தது.

லைப்சிக்கிலிருந்து அவர் சூரிக்குக்குப் போனது பதவி உயர்வால் அன்று. 1849-இல், லைப்சிக் அடங்கிய சாக்சனி அரசில் மூண்ட கிளர்ச்சியில் ஈடுபட்டதாக அவர் மீதும், உடன் பணியாற்றிய ஓட்டோ யான், மோரிட்ஸ் ஹௌப்ட் ஆகியோர் மீதும் வழக்குத் தொடரப்பட்டது. மேல்முறையீட்டில் விடுதலை கிடைத்தும் 1851-இல் மூவரும் பணிநீக்கம் செய்யப்பட்டனர். வேலை இழந்து அயல்நாட்டுக்குப் போன ஒருவர் எழுதிய நூல் அது என்று தெரிந்த பிறகு படித்தால், சீசரை அவர் ஏன் அப்படிக் கொண்டாடுகிறார், சீசர் காலத்து நாவலரும் அரசியல்வாதியுமான சிசெரோவை ஏன் அத்தனை கடுமையாகத் தாக்குகிறார் என்பது ஓரளவு விளங்கும். ஜெர்மனியில் 1848-இல் எழுந்த மக்களாட்சிப் புரட்சியின் தோல்வி அந்தப் பக்கங்களில் கசிந்துகொண்டே இருக்கிறது. (சிசெரோவுக்கு அவர் நியாயம் செய்யவில்லை என்பதே என் கருத்து. ஆனால் அந்த அநியாயத்தைக்கூட எவ்வளவு அழகாகச் செய்கிறார்!)

இனி முக்கியமான செய்திக்கு வருகிறேன். டென்மார்க் அரசு தந்த பயண உதவித்தொகையில் 1844 முதல் 1847 வரை இத்தாலியில் சுற்றிய இளம் மொம்சென், சான் மரினோவில் இருந்த முதுபெரும் கல்வெட்டறிஞர் பார்த்தொலொமேயோ போர்கேசியிடம் பாடம் கேட்டார். 1847-இல் லத்தீன் கல்வெட்டுகள் அனைத்தையும் ஒரே தொகுப்பாகக் கொண்டுவருவதற்கான திட்ட அறிக்கை ஒன்றை எழுதினார். அதன் உயிர்நாடியான விதி எளியது: பழைய நூல்களில் அச்சான பாடத்தை நம்பி மறுபதிப்புச் செய்யாதே, கல் இருக்கும் இடத்துக்குப் போய், கல்லையே பார்த்துப் படி. கல்வெட்டு மைப்படி எடுப்பதை அறிந்த தமிழ் வாசகருக்கு இது புதுமையாகத் தோன்றாது. ஆனால் அந்நாளில் பெர்லின் அறிவியல் கழகத்தில் பலருக்கு இது வீண் செலவாகவே பட்டது. நூலகத்தில் இருந்தபடியே முடிக்கலாம் என்றவர்கள் இருந்தார்கள். ஐந்நூறு ஆண்டுகளாக அறிஞர்களும் பழம்பொருள் வணிகர்களும் புனைந்து சேர்த்த பொய்க் கல்வெட்டுகள் அந்நூல்களில் மலிந்திருந்தன என்பதால், அவர்கள் சொன்னபடி செய்திருந்தால் பொய்யும் சேர்ந்தே தொகுக்கப்பட்டிருக்கும்.

மொம்சென் வாதாடிக்கொண்டு நிற்கவில்லை, செய்துகாட்டினார். நேப்பிள்ஸ் நாட்டின் கல்வெட்டுகளைத் தாமே திரட்டி, உண்மையானவற்றையும் போலிகளையும் பிரித்து, ஏழாயிரத்துக்கும் மேற்பட்டவற்றை 1852-இல் பதிப்பித்து, அதைப் போர்கேசிக்குக் காணிக்கையாக்கினார். அடுத்த ஆண்டே கழகம் பணிந்து பெருந்திட்டத்தை அவரிடம் ஒப்படைத்தது. அதன் முதல் தொகுதி 1863-இல் வந்தது. தொகுப்பில் பல தொகுதிகளை அவரே பதிப்பித்தார். வட ஆப்பிரிக்கத் தொகுதியைச் செய்துகொண்டிருந்த குஸ்டாவ் வில்மன்ஸ் 1878-இல் இளவயதில் இறந்தபோது, அதையும் முடித்துக்கொடுத்தார். இன்று ஒரு லட்சத்து எண்பதாயிரம் அளவிலான கல்வெட்டுகளோடு அத்தொகுப்பு இன்னும் நடந்துகொண்டிருக்கிறது.

1890-இல் அவர் ஆற்றிய உரையொன்றில் 'பேரறிவியல்' என்ற பொருள்தரும் சொல்லைப் பயன்படுத்தினார். பெருந்தொழில் போலவே பேரறிவியலும் ஒருவரால் செய்து முடிக்கப்படுவதன்று, ஆனால் ஒருவரால் நடத்தப்படுவது என்றார். 1874 முதல் 1895 வரை கழகச் செயலராக இருந்து அவர் நடத்தியது அதைத்தான். நம்மவருக்கு இதை விளங்கவைக்க ஓர் ஒப்புமை உண்டு: 1886-இல் சென்னை மாகாண அரசின் கல்வெட்டறிஞராக வந்த இன்னொரு ஜெர்மானியர், ஒய்கன் ஹுல்ட்சு, 1890-இல் 'தென்னிந்தியக் கல்வெட்டுகள்' முதல் தொகுதியைக் கொண்டுவந்தார். அந்த வரிசை இல்லாமல் சோழர் வரலாறு எழுதுவது எப்படி இயலாதோ, அப்படித்தான் மொம்செனின் தொகுப்பு இல்லாமல் ரோமானிய மாகாணங்களின் வரலாறும்.

அவருடைய 'ரோம் வரலாறு' மூன்றாம் தொகுதி கி.மு. 46-இல், சீசரின் வெற்றியோடு நிற்கிறது. மாகாணங்களைப் பற்றிய ஐந்தாம் தொகுதி 1885-இல் வந்தது. பேரரசர்களைப் பற்றிய நான்காம் தொகுதி வரவே இல்லை. அவருடைய வகுப்புகளில் மாணவர் எடுத்த குறிப்புகள் 1980-இல் நியூரம்பெர்க் பழைய புத்தகக் கடையொன்றில் கிடைத்து, 1992-இல் அச்சாயின. எழுதாமல் போனதற்கு 1880 ஜூலையில் அவர் வீட்டில் பற்றிய தீயைக் காரணமாகச் சொல்வோர் உண்டு. அத்தீயில் ஹைடெல்பெர்க்கிலிருந்து இரவலாக வந்த, ஆறாம் நூற்றாண்டு வரலாற்றாசிரியர் யோர்தானெசின் கையெழுத்துப்படி ஒன்று அழிந்தது. அவர் அடைந்த துயரம் பெரிது. ஆனால் முதல் மூன்று தொகுதிகள் வந்து அதற்குள் இருபத்து நான்கு ஆண்டுகள் ஆகியிருந்தன. பேரரசர் காலத்தின் உண்மைச் சான்று அரண்மனைக் கதைகளில் இல்லை, ஊர் ஊராகச் சிதறிய கற்களில் இருக்கிறது என்று கண்ட பிறகு, பழைய நடையில் அதை எழுத அவருக்கு மனம் வரவில்லை என்றே நான் கருதுகிறேன்.

குறிப்பில் இடம் கிடைத்தால் இன்னும் இரண்டு செய்திகளையும் சேர்க்க வேண்டுகிறேன். பெர்லினில் தம்முடன் பணியாற்றிய வரலாற்றாசிரியர் டிரைட்ஷ்கே யூதர்களுக்கு எதிராக எழுதியபோது, 1880-இல் அதை எதிர்த்துத் தம் பெயரில் நூல் வெளியிட்டவர் மொம்சென். 1897-இல் செக் மக்களைப் பற்றி மன்னிக்க இயலாத சொற்களை நாளிதழில் எழுதியவரும் அவரே. ஒன்றைச் சொல்லி மற்றதை மறைக்க வேண்டாம்.

தம் வாழ்க்கை வரலாறு வெளிவராமல் பார்த்துக்கொள்ளுமாறு 1899-இல் உயில் இணைப்பில் குடும்பத்தாரைக் கேட்டுக்கொண்டவர் அவர் என்பதை அறிவேன். ஆனால் வரலாற்றை நோபல் குழுவின் பாராட்டுரையோடு நிறுத்திக்கொள்ளச் சொன்னதாகத் தெரியவில்லை. ஆகவே அடுத்த பதிப்பில் அந்த ஒற்றை வரியை இவ்வாறேனும் திருத்துங்கள்: 'சட்ட அறிஞர், அரசியலால் லைப்சிக் பதவியை இழந்தவர், லத்தீன் கல்வெட்டுத் தொகுப்பை நிறுவி நடத்தியவர், ரோம் வரலாற்றின் ஆசிரியர், 1902-இல் நோபல் பரிசு பெற்றவர்.' வரிசையும் இதுவாகவே இருக்கட்டும்.

இங்ஙனம்,
தங்கள் நூல்களை வாங்கிப் படிக்கும் ஒரு வாசகன்