ஊசிக்கு முன்னால் பிளட் கல்ச்சர்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

குழந்தைகளுக்கு ரத்தத்தில் கிருமி கலப்பது பற்றித் தங்கள் மருத்துவப் பகுதியில் வந்த கட்டுரை நன்றாக இருந்தது. ஆனால் ரத்தத்தில் உள்ள கிருமியை லேபில் வளர்த்து, அது எது, எந்த மருந்துக்குக் கேட்கும் என்று பார்க்கும் பிளட் கல்ச்சரை ஒரே வரியில் தாண்டிவிட்டார் கட்டுரையாளர். பென்னாகரம் பக்கம் லேப் டெக்னீஷியனாக இருக்கும் எனக்கு அது போதவில்லை.

எங்கள் ஊர்களில் குழந்தைக்குக் காய்ச்சல் என்றால் முதலில் ஓடுவது மெடிக்கலுக்கு. ஆன்டிபயாடிக் பவுடர் பாட்டிலில் கோடு வரை தண்ணீர் ஊற்றிக் குலுக்கி இரண்டு நாள் கொடுப்பார்கள். சூடு குறைந்ததும் பாட்டில் அலமாரிக்குப் போய்விடும். அடுத்த மாதம் தங்கச்சிக்குக் காய்ச்சல் வந்தால் அதே பாட்டில்தான். கலக்கிய மருந்து ஒன்றிரண்டு வாரத்துக்கு மேல் ஆகாது என்று லேபிளிலேயே இருக்கிறது, யார் படிக்கிறார்கள்? செஃபிக்ஸிம் போன்ற ஆன்டிபயாடிக் மருந்துகளை டாக்டர் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாது, விற்றதைத் தனிப் பதிவேட்டில் எழுத வேண்டும் என்று 2014 மார்ச் முதலே விதி உண்டு.

அப்புறம் காய்ச்சல் திரும்பி ஆஸ்பத்திரிக்கு வந்து கல்ச்சர் எடுத்தால், அரைகுறை மருந்தில் கிருமி பதுங்கிக்கொண்டு ரிப்போர்ட் சுத்தமாக வந்துவிடும். எந்த மருந்துக்குக் கேட்கும் என்று தெரியாமல் டாக்டரும் ஊகத்தில் பெரிய ஊசியாகப் போட வேண்டியதாகிறது. போதாததற்கு, ரத்தத்தில் டைபாய்டு எதிர்ப்புச் சத்தைப் பார்க்கும் ஒரே ஒரு வைடல் டெஸ்ட்டை வைத்து டைபாய்டு என்று முடிவு கட்டுவது வேறு. என்றைக்கோ வந்துபோன தொற்றுக்குக்கூட அது பாசிட்டிவ் காட்டும்.

குழந்தைக்கு எடுப்பது சில மில்லி ரத்தம்தான். அதற்கே பாட்டிகள் சண்டைக்கு வருவார்கள், அது தனிக் கதை. பெரும்பாலான கிருமிகள் 2 நாளில் வளர்ந்துவிடும். அதுவரை மருந்தை நிறுத்தி வைக்க வேண்டியதில்லை, ரத்தம் எடுத்த கையோடு ஊசி போடலாம். பச்சைக் குழந்தைக்குப் பல சமயம் காய்ச்சலே இருக்காது. உடம்பு சில்லிடும், பால் குடிக்காது, துவண்டு கிடக்கும். உடனே 108-ஐக் கூப்பிட வேண்டிய அந்த நேரத்தில், சீர் தட்டிவிட்டது என்று மந்திரிக்கத் தூக்கிக்கொண்டு போகிறார்கள்.

அரூர், பாலக்கோடு, பென்னாகரம் அரசு மருத்துவமனைகளில் ராத்திரியிலும் குழந்தைகளுக்கான கல்ச்சர் பாட்டில் கைவசம் இருக்க வேண்டும். எடுத்ததை ஃப்ரிட்ஜில் வைத்தால் சில கிருமிகள் வளராமலே போகும். அதனால் அன்றைக்கே தருமபுரி மருத்துவக் கல்லூரி லேபுக்குக் கொண்டுபோக ஒரு வண்டியும், ரிசல்ட்டை உடனே வார்டுக்குச் சொல்ல ஒரு ஆளும் வேண்டும். மாவட்ட நிர்வாகம் கவனிக்குமா?

லேப் டெக்னீஷியன் ஒருவர்,
பென்னாகரம், தருமபுரி மாவட்டம்.