கப்பல் பாட்டியின் அப்பாவை ஊரில் எப்படிக் கூப்பிட்டார்கள், அத்தை?

அன்புள்ள அத்தைக்கு,

பொங்கலுக்கு வந்திருந்தபோது, கப்பலேறிப் போன உங்கள் தாத்தாவின் அக்கா, நம் கப்பல் பாட்டியைப் பற்றிக் கேட்டேனே, நீங்களும் முறத்தில் மொச்சை உரித்துப் போட்டபடியே, "அவ போனவ போனவதான், ஒரு கடுதாசி கூட வரலை" என்றீர்களே, அந்தப் பேச்சு எனக்கு இன்னும் முடியவில்லை. அவரைக் கண்டுபிடித்துவிட்டேன் என்று நினைக்கிறேன். இப்போதைக்கு ‘நினைக்கிறேன்’ என்றுதான் எழுத முடிகிறது. பேத்தியிடம் செல்போனைக் கொடுங்கள், நிதானமாக வாசித்துக் காட்டுவாள்.

முதல் ஒரு வருஷம் தப்பான நாட்டில் தேடிக்கொண்டிருந்தேன். நம் வீட்டில் எல்லோரும் மோரீசு, மோரீசு என்றே சொல்லி வந்தார்களா, நானும் மொரீசியஸில் மோக்கா என்ற ஊரில் இருக்கும் மகாத்மா காந்தி இன்ஸ்டிடியூட்டில் உள்ள, கூலி வேலைக்குக் கப்பலேறி வந்தவர்களின் பதிவுகளைப் பற்றியே படித்து, அங்கே பலருக்குப் போட்டோ கூட இருக்கிறது என்று தெரிந்ததும் பாட்டியின் முகத்தையே பார்த்துவிடலாம் என்று ஆசைப்பட்டேன். அன்றைக்கு நீங்கள்தான் பேச்சோடு பேச்சாக, "கரும்பு வெட்டப் போனாளாம், நெட்டாலோ என்னமோன்னு தாத்தா சொல்லுவாரு" என்றீர்கள். அந்த ஒரு வார்த்தை போதும் எனக்கு.

நெட்டால் என்பது தென்னாப்பிரிக்காவின் கிழக்குக் கரை, டர்பன் துறைமுகம் இருக்கிற பக்கம். 1860 நவம்பர் 16ஆம் தேதி ட்ரூரோ என்ற கப்பல் சென்னையிலிருந்து 342 பேரை ஏற்றிக்கொண்டு அங்கே போய்ச் சேர்ந்தது. அதிலிருந்து 1911 வரை மொத்தம் 1,52,184 பேர் ஒப்பந்தக் கூலிகளாக அங்கே போனார்கள். அவர்களில் மூன்றில் இரண்டு பங்குப் பேர் கப்பலேறினது சென்னையில்தான். ஐந்து வருஷ ஒப்பந்தம், முதல் வருஷம் மாதக் கூலி 10 ஷில்லிங். 100 ஆணுக்கு 40 பெண்ணாவது கப்பலில் இருக்க வேண்டும் என்று விதி இருந்ததால், ஆள் பிடிக்கிறவர்கள் தாலி அறுத்தவர்களையும், வீட்டில் சண்டை போட்டுக் கிளம்பினவர்களையும் குறிவைத்துப் பேசிக் கூட்டிப் போவார்கள். ‘கோவிச்சிக்கிட்டுப் போயிட்டா’ என்று உங்கள் தாத்தா ஒரே வார்த்தையில் முடித்ததற்குப் பின்னால் என்ன நடந்ததோ. அதை நினைத்தால் எனக்குப் பாட்டிமேல் கோபமே வரவில்லை அத்தை, அந்த வீட்டில் அன்றைக்கு இருந்தவர்கள்மேல்தான் வருகிறது.

போனவர்கள் எல்லோருடைய விவரமும் கப்பல் வாரியாகப் பட்டியலாக இருக்கிறது, இணையத்திலேயே தேடலாம். ஆளுக்கு ஒரு வரி. ஓர் எண், பேர், அப்பா பேர், வயசு, சாதி, ஜில்லா, தாலுகா, கிராமம், உடம்பில் உள்ள அடையாளம். கேட்க எளிதாகத்தான் இருக்கும். ஆனால் சொன்னவர் தமிழில் சொல்ல, எழுதினவர் காதில் விழுந்தபடி இங்கிலீஷில் எழுதியிருக்கிறார். நம் ஊர்ப் பேரில் வருகிற ‘பாக்கம்’ மட்டும் ஐந்து விதமாக வருகிறது. பாட்டிக்கோ அம்மன் பேர், போளூர்ப் பக்கம் தெருவுக்கு நாலு பேருக்கு இருக்கிற பேர். டர்பனிலிருந்து இந்தப் பக்கமாகத் தேடலாம் என்றால் அங்கே கவுண்டர் ‘கோவெண்டர்’ ஆகி, முதலியார் ‘மூட்லி’ ஆகி, சாதிப் பேரே குடும்பப் பேராக நிற்கிறது. லட்சம் பேருக்கு நடுவில் அது என்னத்துக்கு ஆகும்?

கடைசியில் மூன்று பேர் மிஞ்சினார்கள். ஒருத்தியை யாரோ தங்கள் வம்சாவளியில் நம் ஊரோடு சேர்த்துப் போட்டிருக்க, அதைப் பார்த்து இன்னும் ஏழெட்டுப் பேர் அப்படியே எடுத்துப் போட்டிருந்தார்கள். இத்தனை பேர் போட்டிருக்கிறார்களே என்று நானும் நம்பினேன். இரண்டு மாதம் கழித்துத்தான் வருஷத்தைக் கவனித்தேன், அவள் போய்ச் சேர்ந்தது 1883. தாத்தாவின் கிரயப் பத்திரத்தில் போட்டிருக்கிற வயசைக் கணக்குப் பார்த்தால் அவர் பிறந்ததே 1885 வாக்கில். ‘அக்கா என்னை இடுப்புல தூக்கிக்கிட்டுத் திரிவா’ என்று சொன்னவரை, அவர் பிறக்கும் முன்னே போனவள் எப்படித் தூக்கியிருப்பாள்? இரண்டாவது ஆளுக்கு அடையாளம் மோவாயில் மச்சம், அதனால் அவளும் இல்லை.

மூன்றாவது வரி 1890களில் போன கப்பலில் இருக்கிறது. வயசு 20. ஜில்லா வட ஆற்காடு, தாலுகா போளூர், கிராமம் நம் ஊர் மாதிரிதான் தெரிகிறது. அடையாளம் என்ற இடத்தில், வலது முன்கையில் தழும்பு. கூழ்ப்பானை கவிழ்ந்து கை வெந்த கதையை நீங்கள் சொல்லும்போது உங்கள் வலது கையை நீட்டி, முழங்கைக்குக் கீழே தொட்டுக் காட்டினீர்கள், ஞாபகம் இருக்கிறதா? ராத்திரி பதினொரு மணிக்கு அந்த வரியைப் பார்த்துவிட்டு நான் அப்படியே உட்கார்ந்திருந்தேன்.

ஆனால் அப்பா பேர் ஒத்துவரவில்லை. பத்திரத்தில் நமக்குத் தெரிந்த பேர் ஒன்று, அந்த வரியில் இருப்பது வேறு. அது வீட்டிலோ தெருவிலோ கூப்பிடுகிற பேர் மாதிரி இருக்கிறது. கப்பலேறப் போகிற இருபது வயசுப் பெண்ணிடம் அப்பன் பேர் என்ன என்று கேட்டால் பத்திரத்துப் பேரையா சொல்லியிருப்பாள், வாயில் வருகிற பேரைத்தானே?

அதனால் ஒன்று கேட்கிறேன். உங்கள் தாத்தாவின் அப்பாவை ஊரில் எப்படிக் கூப்பிட்டார்கள்? பட்டியலில் இருக்கிற பேரை வேண்டுமென்றே இங்கே எழுதவில்லை. எழுதினால் என்மேல் இருக்கிற பிரியத்தில் "ஆமாம், அதுதான்" என்று சொல்லிவிடுவீர்கள். அவசரம் இல்லை. களத்துமேட்டு வீட்டு ஆயாவிடமும் கேட்டுப் பாருங்கள். தெரியவில்லை என்றால் தெரியவில்லை என்றே சொல்லுங்கள். பேர் பொருந்திவிட்டால் அந்த வரியின் எண்ணை வைத்துக்கொண்டு அவருக்குக் கல்யாணம் ஆனதா, பிள்ளைகள் பிறந்தார்களா என்று அடுத்துத் தேடலாம். அங்கே பேரை எப்படி எழுதினாலும் எண் மாறாது.

ஆடிக் கிருத்திகைக்கு வருகிறேன். வேறு யாரிடமும் சொல்லும் முன் அந்தப் பேரை என்னிடம் சொல்லுங்கள்.

உங்கள் தம்பி மகள்