செயலாளரின் ஆண்டறிக்கை: கலை உலா மாலைகள்

தலைவர், செயற்குழுவினர், உறுப்பினர்கள் அனைவருக்கும் வணக்கம்.

வரவு செலவுக் கணக்கைப் பொருளாளர் தனியே வைக்கிறார். இந்த அறிக்கை, குழுவாக நடந்து ஊரின் கலை இடங்களைப் பார்க்கும், சங்கத்தின் முதன்மைப் பணியான கலை உலா மாலைகளைப் பற்றியது மட்டுமே. அடுத்து பொறுப்பேற்பவர்கள் இதைக் கையில் வைத்துக்கொண்டே ஒரு மாலையை நடத்த வேண்டும் என்பதால் அளவுகளோடு எழுதப்பட்டுள்ளது.

அருங்காட்சியகங்கள் இரவில் வெகுநேரம் திறந்திருக்கும், பெர்லினில் 1997இல் தொடங்கிய அருங்காட்சியக நெடிய இரவும், பாரிசில் 2002இல் தொடங்கிய இரவுக் கலைவிழாவான வெண்ணிரவும் பெருநகரங்களுக்கு உரியவை. நடுத்தர நகரத்தில் கலை ஒரே தெருவில் இருப்பதில்லை. ஒரு கேலரி, மாடியில் ஒரு ஸ்டூடியோ, அச்சுப் பட்டறை, நூலகத் தாழ்வாரம் என்று சிதறிக் கிடக்கும். எனவே பார்க்க வேண்டிய இடங்களின் பட்டியலை ஃபிரேம் போடும் கடையில் தொடங்குங்கள். ஊரில் யார் வரைகிறார்கள் என்பது முதலில் தெரிவது அங்கேதான். கேலரிவரை இன்னும் போகாத இளைஞரின் படமும் அங்கே சுவரோரம் சாய்ந்திருக்கும்.

ஒரு மாலைக்கு ஐந்து இடங்கள் போதும். ஆறிலிருந்து ஒன்பதுவரை 180 நிமிடம். இடத்துக்கு 25 வீதம் 125, நடுவே நான்கு நடைகளுக்குப் பத்துப் பத்தாக 40, தாமதத்துக்கு 15. தனியாள் நிமிடத்துக்கு 80 மீட்டர் நடப்பார். பதினைந்து பேர் சேர்ந்தால் 50 மீட்டர்தான். ஆகவே இரண்டு இடங்களுக்கு நடுவே 500 மீட்டருக்கு மேல் போகக் கூடாது. ஆறாவது இடத்தைச் சேர்த்தால் கடைசி இரண்டு இடங்களில் பெயர்ச்சீட்டைப் படிக்க மட்டுமே நேரம் கிடைக்கும். ஓவியரோடு பேசாமல் திரும்பும் மாலை வீண் என்பதே செயற்குழுவின் உறுதியான கருத்து.

குழுவுக்கு 15 பேர். முன்னால் ஒருவர், கடைசியில் ஒருவர் பொறுப்பு. இரண்டாம் குழு அரை மணி கழித்தே கிளம்ப வேண்டும். கால் மணியில் கிளம்பினால் முதல் இடத்திலேயே முன் குழுவோடு முட்டிக்கொள்ளும். ப்ரொஜெக்டர் காட்சி நன்றாக இருட்டிய பிறகு, கடைசியில் வரட்டும். ஸ்டூடியோவில் முதுகுப்பையை முன்பக்கம் மாட்டச் சொல்லுங்கள். எண்ணெய் வண்ணம் மேலே காயவே சில நாள்முதல் இரண்டு வாரம்வரை ஆகும். பையின் ஓர் உரசல் போதும், படம் பாழ்.

அதிகம் தவறு நேரும் இடம் வெளிச்சம். ஸ்பாட் லைட்டின் ஒளி, செங்குத்துக் கோட்டிலிருந்து 30 பாகை சாய்ந்து படத்தின் மையத்தில் விழ வேண்டும். கூரையின் உயரத்திலிருந்து படமையத்தின் உயரத்தைக் கழித்து 0.58ஆல் பெருக்கினால், விளக்கு சுவரைவிட்டு எவ்வளவு தள்ளி இருக்க வேண்டும் என்பது கிடைக்கும். கூரை 3 மீட்டர், மையம் ஒன்றரை மீட்டர் என்றால் 87 செ.மீ. கனமான சட்டகத்தின் நிழல் படத்தின் மேல்பகுதியில் விழுந்தால் விளக்கை இன்னும் வெளியே நகர்த்துங்கள். படத்தின் கண்ணாடியில் எதிர்ச்சுவர் ட்யூப் லைட் தெரிந்தால் அதை அணைப்பதைத் தவிர வேறு நல்ல வழி இல்லை. நிறங்களை உள்ளபடி காட்டும் திறனைக் குறிக்கும் பல்பின் சிஆர்ஐ எண் 90க்குக் குறைந்தால் சிவப்பு மங்கிச் செத்துப்போகும்.

படத்தின் மேல் விழும் வெளிச்சத்தை லக்ஸ் என்ற அலகால் அளக்கிறோம். நீர்வண்ணம், அச்சோவியம் (ஓவியர் தாமே அச்சிட்டெடுக்கும் படம்) முதலிய காகித வேலைகளுக்கு 50 லக்ஸ், எண்ணெய் ஓவியத்துக்கு 200 லக்ஸ் என்பது வழக்கமான வரம்பு. கேடு வெளிச்சத்தின் அளவோடு நேரத்தையும் பெருக்கிச் சேர்கிறது. மூன்று மணி நேரம் 200 லக்ஸில் இருப்பதும் பன்னிரண்டு மணி நேரம் 50 லக்ஸில் இருப்பதும் ஒன்றே. ஒரு மாலையால் பெரிய நட்டமில்லை. அதே விளக்கின் கீழ் மாதக்கணக்கில் தொங்கவிடுவதுதான் நிறத்தைத் தின்னும்.

தொங்கவிடும்போது படமையம் தரையிலிருந்து 148 செ.மீ. கொக்கியின் உயரம்: 148உடன் படத்தின் பாதி உயரத்தைக் கூட்டி, இழுத்துப் பிடித்த பின்புறக் கம்பி மேல்விளிம்பிலிருந்து இறங்கியுள்ள தூரத்தைக் கழியுங்கள். 60 செ.மீ. படத்தில் கம்பி 8 செ.மீ. இறங்கினால் 170. ஒற்றைக் கொக்கியில் மாட்டிய படம் தோள் பட்டாலே சாயும், இரண்டு அடியுங்கள். பெயர்ச்சீட்டில் அளவு எழுதும்போது உயரம் முதலில், அகலம் பிறகு.

ப்ரொஜெக்டரின் எறிவிகிதம் (தூரத்தைப் படத்தின் அகலத்தால் வகுத்த எண்) 1.5 என்றால் 2 மீட்டர் அகலப் படத்துக்கு 3 மீட்டர் தள்ளி வைக்க வேண்டும். கருவியின் தூக்க நேர அமைப்பை முன்கூட்டியே அணையுங்கள். பாதிக் காட்சியில் திரை கறுத்துப்போவது பெரும்பாலும் இதனால்தான். சுருள் எக்ஸ்டென்ஷன் வயரை முழுக்க விரித்த பிறகே மின்சாரம் கொடுக்கவும். சுருட்டியபடி விட்டால் சூடேறி உறை உருகும்.

வாங்க விரும்புவோர் அதிகம் கேட்டது அச்சோவியங்களைப் பற்றி. 7/30 என்றால் முப்பது படிகளில் ஏழாவது. லினோலியத்தில் செதுக்கி அச்சிடும் லினோகட்டில், துணிச் சல்லடை வழியே அச்சிடும் சில்க் ஸ்கிரீனில் எண் சிறியதா பெரியதா என்பது பொருட்டல்ல. உலோகத் தகட்டில் ஊசியால் கீறி அச்சிடும் உலர்முனைக் கீறலில் பொருட்டு உண்டு. தகட்டின் கீறல் ஓரத்து உலோகப் பிசிறு அழுத்த அழுத்தத் தேய்ந்து, பின் படிகளில் கோட்டின் மென்மை போய்விடும். பத்து மடங்கு பூதக்கண்ணாடியில் பூவிதழ்போல் வண்ணப்புள்ளிகள் தெரிந்தால் அது இயந்திரத்தில் அச்சான ஆஃப்செட் நகல். கையொப்பம் இருந்தாலும் அச்சோவியமாகக் கொள்ள வேண்டாம். கேலரியில் பார்த்த படத்தை ஓவியர் வீட்டில் குறைந்த விலைக்குக் கேட்காதீர்கள். விற்பனையில் கேலரிக்கும் பங்கு உண்டு. அந்தப் பங்கில்தான் நாம் போய் நிற்கும் விளக்கும் சுவரும் நடக்கின்றன.

லக்ஸ் மீட்டர், இரண்டு பூதக்கண்ணாடிகள், ஒட்டுநாடா ஆகியவை அலுவலக அலமாரியில் உள்ளன. எடுப்பவர் பதிவேட்டில் கையொப்பமிட்டு, மறுநாளே திருப்பி வைக்கக் கேட்டுக்கொள்கிறேன்.

செயலாளர்