புரொபோசலை இரண்டு வாரம் ஓரமாக வை

அன்புள்ள கண்ணம்மா,

புதியவர்களைத் திறமூல (யாரும் கோடைப் பார்த்துத் திருத்தக்கூடிய) புராஜெக்டுகளில் வேலை செய்யவைக்கும் கூகுள் சம்மர் ஆஃப் கோடுக்காக நீ எழுதி அனுப்பிய புரொபோசலை நேற்று ராத்திரியே படித்துவிட்டேன். நான்கு பக்கத்தில் மூன்று பக்கம் உன்னைப் பற்றியே இருக்கிறது, மார்க், சான்றிதழ், சின்ன வயதிலிருந்தே கம்ப்யூட்டர் மேல் ஆசை என்று. எல்லாம் உண்மைதான், அம்மாவுக்குத் தெரியாதா? ஆனால் படிக்கப்போகிற மெயின்டெயினர் பெரும்பாலும் தன் வேலை முடிந்த பிறகு, சம்பளமில்லாமல் நீ சேர நினைக்கிற புராஜெக்டைக் கவனித்துக்கொள்கிறவர். இந்தப் பெண் அனுப்பும் புரோகிராம் கோடைத் திருப்பி அனுப்பினால் முகம் சுளிக்காமல் சரிசெய்து தருவாளா, மாட்டிக்கொண்டால் வாயைத் திறந்து கேட்பாளா என்றுதான் அவர் பார்ப்பார். அதை எழுதிக் காட்ட முடியாது, செய்துதான் காட்டவேண்டும்.

அதனால் முதலில் அந்த புராஜெக்டின் கோடு முழுக்க இருக்கிற ரிப்போவை உன் லேப்டாப்பில் இறக்கி, ஓடுகிற மாதிரி பில்டு செய்து, டெஸ்ட் எல்லாம் ஓடுகிறதா பார். எங்காவது கட்டாயம் தடுக்கும். தடுக்கிய இடத்தில் டாக்குமென்டேஷனில் ஒரு வரி குறைகிறது என்று அர்த்தம், வருஷக்கணக்காகப் பழகியவர்கள் கண்ணுக்கு அது படவே படாது. அந்த வரியைச் சேர்த்து அனுப்பு, முதல் பேட்ச்சுக்கு, அதாவது நீ அனுப்பும் முதல் திருத்தத்துக்கு, அது போதும். அப்புறம் புதியவர்களுக்கென்று ‘குட் ஃபர்ஸ்ட் இஷ்யூ’ எனக் குறித்து வைத்திருப்பதில் ஒரு பக்கை (கோடில் இருக்கிற பிழையை) எடு. ஏஐ எழுதித் தந்த கோடில் ஒரு வரியை உன்னால் விளக்க முடியாவிட்டாலும் அனுப்பாதே.

உன் வயதில் நான் அனுப்பிய முதல் பேட்ச் ஆயிரம் வரியைத் தாண்டியது. ஒரு பக்கைச் சரிசெய்யப் போய், எனக்குப் பிடிக்காத இடத்தையெல்லாம் மாற்றி எழுதி, பெரிய வேலை செய்துவிட்ட சந்தோஷத்தில் அனுப்பினேன். ஐந்து வாரம் சத்தமே இல்லை. நமக்கு இது ஒத்துவராது என்று ஒதுங்கியே போய்விட்டேன், பிறகுதான் ‘தனித்தனியாகப் பிரித்து அனுப்ப முடியுமா’ என்று ஒற்றை வரி வந்தது. இப்போது தினமும் அடுத்தவர் கோடை ரிவ்யூ செய்கிறேன், இருபது வரி வந்தால் உடனே படிக்கிறேன், ஆயிரம் வரி வந்தால் எனக்கும் கை தானாகத் தள்ளிப்போடுகிறது. ஆகவே பதில் வராவிட்டால் உன்னை வேண்டாம் என்று சொல்லிவிட்டதாக நினைத்துக்கொள்ளாதே. ஒரு வாரம் பொறுத்து, நீ பேட்ச் அனுப்பிய அந்த புல் ரிக்வெஸ்ட் பக்கத்திலேயே ஒருமுறை மரியாதையாகக் கேள். தனியாக மெயில் போடவேண்டாம், எல்லாருக்கும் தெரிகிற இடத்தில் கேட்டால் வேறு யாராவதுகூட பதில் சொல்வார்கள்.

இன்னொன்று. கூகுள் சம்மர் ஆஃப் கோடில் 350 மணி நேர வேலையைத் தேர்ந்தெடுத்திருக்கிறாய். நடுவில் உனக்குப் பரீட்சை வருகிறதே, அந்த மூன்று வாரம் உன் கால அட்டவணையில் எங்கே? 175 மணி நேர வேலையும் உண்டு, அதை யோசி. பரீட்சையை மறைக்காமல் தேதியோடு எழுது, உனக்கு வழிகாட்டப்போகிற மென்ட்டருக்கு உன்மேல் நம்பிக்கைதான் கூடும். இந்த வருஷம் கிடைக்காமல் போனாலும் கதவு மூடிவிடாது, 2022-இல் விதி மாறியதிலிருந்து, படிப்பை முடித்தவர்களும் திறமூலத்துக்குப் புதியவர்களாக இருந்தால் விண்ணப்பிக்கலாம்.

திருத்திய புரொபோசலை முதலில் மென்ட்டரிடம் காட்டு, எனக்கு அப்புறம் அனுப்பினால் போதும். அந்த ஒரு வரி பேட்ச்சை அனுப்பியதும் மட்டும் லிங்க் கொடு, ஆபீஸில் இருந்தாலும் பார்த்துவிடுவேன்.

அன்புடன்,
அம்மா